கவலை குறைந்த குருவியும் பக்கத்துப் பாறைச் சின்னானும்

வனத்துறைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளே, பயிற்சியில் உங்களுக்குக் காட்டுத்தீயைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பாம்புக்கடியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பொறாமையைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பாடம் எடுக்கத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் ஓய்வு பெற்றுச் சும்மாதான் இருக்கிறேன். தகுதியும் எக்கச்சக்கமாக இருக்கிறது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

யானை இருக்கிற காட்டில் வேலை பார்ப்பவனைக் கண்டால் யானை இல்லாத காட்டுக்காரனுக்குப் பொறாமை. யானை இருக்கிறவனுக்கோ, இரவில் கால் நீட்டித் தூங்குகிற எவனைக் கண்டாலும் பொறாமை. கொல்லிமலையில் எங்களுக்கு யானையும் கிடையாது, புலியும் கிடையாது. பொறாமைப்பட மிஞ்சியது குருவிதான். அதையும் நான் விட்டுவைக்கவில்லை.

அரியூர் நாட்டுப் பக்கம் நான் வனவராக இருந்தேன்; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த தொகுதி. என் எல்லைக்குள் ஓர் ஓடை உண்டு. இரண்டு பக்கமும் பலாவும் நாவலும் கவிந்து, கீழே கணுக்கால் புதையச் சருகு கிடக்கும். புரட்டாசி மழை விட்டதும் வடக்கேயிருந்து அங்கே ஒரு விருந்தாளி வந்து இறங்கும். ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, தோளில் மினுமினுக்கும் நீலம், நெஞ்சு சந்தனம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டி அழுத்தமான கறுப்பு மை. ஒன்பது நிறம் என்பார்கள். நான் எண்ணியபோது ஏழுதான் தேறியது. மீதி இரண்டை வருகிறவர்களிடம் வாயாலேயே பூசிவிடுவேன். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரமாக ஒரு சீட்டி அடிக்கும். மற்ற நேரமெல்லாம் சருகைக் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டு, பார்க்க வந்தவனுக்கு முதுகைக்கூடக் காட்டாது. அதைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது என்பதால், மலையில் என் பெயரே ஆறுமணி என்று ஆகிவிட்டது.

பக்கத்துக் குண்டனி நாட்டுக்கு இன்னொரு வனவர். ஆறடி உயரம், கதவுக்குள் குனிந்துதான் நுழைவார். அவருக்குப் பெயர் சின்னான். அவர் எல்லையில் ஒரு மொட்டைப் பாறைச் சரிவு. பாறை இடுக்கெல்லாம் முட்புதர். அங்கே மஞ்சள் தொண்டைச் சின்னான் என்கிற குருவியைப் பார்த்துவிட்டதாக ஒரு நாள் வந்து நின்றார். அன்று முதல் குருவியின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பொறாமை எனக்கு ஒட்டிக்கொண்டது.

மனிதரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இரண்டு பலாமரம், ஒரு காபிப் புதர். அங்கே துடைப்பம் பட்டதை நான் பார்த்ததே இல்லை. என் வாசலோ கண்ணாடி மாதிரி இருக்கும். விடிந்ததும் நானே கூட்டுவேன். "ஏய்யா, உன் வீட்டுக்குப் பின்னால காடு வளர்க்கச் சொல்லி உத்தரவு ஏதும் வந்திருக்கா?" என்று கேட்பேன். "காட்டிலாகாக்காரன் ஊட்டுல காடு இருக்காம கடலா இருக்குமுங்ணா?" என்பார். சோம்பேறிக்கு வாய் நீளம் என்று நினைத்துக்கொள்வேன். இந்தத் துடைப்பத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் என்னைத்தான் அது அடிக்கப் போகிறது.

ரேஞ்சர் மேடம் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். ஒரு மழைநாளில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, எந்தப் பறவை உலக அளவில் எந்த நிலையில் இருக்கிறது என்று விளக்கினார். மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு வந்தபோது "அழிவாய்ப்பு உள்ள இனம்" என்றார். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. குன்றை உடைத்தால் குருவியும் போச்சு. சின்னான், தன் மகன் மாநிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்ட மாதிரி மீசையைத் தடவினார்.

"ஆறுமணிக்குருவி மேடம்?" என்றேன்.

"கவலை குறைந்த இனம்."

"என்னது?"

"அப்படித்தான் வகைப்படுத்தியிருக்காங்க. இமயமலை அடிவாரத்திலேருந்து இலங்கை வரைக்கும் இருக்கு. எண்ணிக்கை குறைஞ்சுட்டு வருது, ஆனா உடனே ஆபத்து இல்லை."

"மேடம், அதுக்கு ஒன்பது நிறம் மேடம்!"

"நிறத்துக்கு மார்க் கிடையாதுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன். "கவலை குறைந்த இனமாம்! என் குருவியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாமா இப்படி?"

அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "ஏனுங்க, கேஸ் தீர்ந்து நாலு நாளாச்சு, மோட்டார் ஓடலை, உங்களுக்குக் குருவிதான் பெருசா இருக்குது. கவலை குறைஞ்ச இனம்னு உங்களத்தான் சொல்லியிருப்பாங்க, நல்லா விசாரிங்க" என்றார்.

அதன் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். டீக்கடை, ரேஞ்ச் அலுவலகம், பேருந்து நிறுத்தம் என எங்கே நாலு பேர் நின்றாலும் ஒரு சந்தேகத்தைத் தூவினேன். சின்னானிடம் இருந்தது ஒரே ஒரு படம். குருவி புதருக்குள் நுழையும்போது எடுத்தது. தெரிந்தது பின்பக்கம் மட்டும். பின்பக்கம் மஞ்சள்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் எல்லோர் வேலியிலும் திரிகிற வெண்புருவச் சின்னானுக்கும் பின்பக்கம் மஞ்சள்தானே? தலையும் தொண்டையும் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்? கேட்டவர்கள் எல்லாம் "அதானே" என்றார்கள். பொறாமைக்காரன் பேச்சில் ஓர் உண்மை கலந்திருந்தால் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

இப்படி இருக்கையில் மலைக்கு ஒரு காட்சிமுனை வருவதாகச் செய்தி வந்தது. கார் நிறுத்த இடம், கம்பித் தடுப்பு, கடைகள், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில். இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று என் ஓடைத் தலைப்பு. மற்றொன்று சின்னானின் பாறைச் சரிவு. இரண்டிலிருந்தும் கீழே சமவெளி விரித்த பாய் மாதிரி தெரியும். பாறைக்கு வந்தால் வெடி வைத்துத் தட்டையாக்கி, முட்புதரை வழிக்க வேண்டும். ஓடைக்கு வந்தால் புதரைக் கழித்து நடைபாதை போட வேண்டும். எங்கே வருகிறதோ அங்கே குருவிக்குச் சங்கடம். ஆனால் ஊருக்குக் கொண்டாட்டம், கடை வைக்கலாமே.

எங்கள் பக்கத்து ஊர்க்கவுண்டர் என்னைத் தேடி வந்தார்.

"சாமி, காச்சிமுனை நம்ம பக்கம் வாரதுக்கு நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லோணும்."

"ஓடையில குருவி இருக்குதுங்களே."

"குருவி அன்னாசி வாங்குமுங்களா? மொளகு வாங்குமுங்களா?"

"வாங்காதுங்க."

"அப்பொறம் என்னத்துக்குங்க அதுக்கு அம்புட்டு எடம்?"

மூன்று மணிநேரம் பேருந்தில் பலாப்பழத்தைச் சுமந்துபோய் விற்கிறவர் கேட்கும்போது, ஏழு நிறத்தையும் ஒன்பதாக்கிக் காட்டினாலும் எடுபடாது. ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். சின்னானுடைய பாறையில் இருப்பது வெறும் வேலிக் குருவிதான் என்று நிரூபணமானால், காட்சிமுனை அங்கே போய்விடும். என் ஓடை தப்பிக்கும். சின்னானின் மீசையும் இறங்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஒரு விடிகாலை, பைனாகுலரைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு குண்டனி நாட்டுப் பாறைக்குப் போனேன். அரசாங்கப் பைனாகுலரை அரசாங்க ஊழியன் ஒளித்துக்கொண்டு போன காட்சியை நினைத்துப் பாருங்கள். பாறைச் சரிவில் தவழ்ந்து ஏறினேன். கால்சட்டை கிழிந்த இடத்தைச் சொல்ல மாட்டேன். ஒரு கள்ளிப் புதருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது வெண்புருவச் சின்னான். பைனாகுலரில் அதன் வெள்ளைப் புருவம் தெரிந்ததும் அந்த இடத்திலேயே எழுந்து ஆடலாம் போலிருந்தது. "மாட்டினியாடா சின்னான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அது பறந்து போன கையோடு எதிர்ப் பாறை நுனியில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. வெயில் அப்போதுதான் பாறைக்கு ஏறியிருந்தது. தலை மஞ்சள். தொண்டை மஞ்சள். மஞ்சள் குளித்துவிட்டு ஈரம் காயாமல் வந்த மாதிரி ஒரு மஞ்சள். நெஞ்சு சாம்பல். புருவத்தில் வெள்ளை என்கிற பேச்சே இல்லை. அந்தக் கரடுமுரடான பாறையில் அந்த ஒரு பொட்டு நிறம்தான் இருந்தது. ஒன்பதும் வேண்டாம், ஒன்று போதும் என்று சொல்கிற மாதிரி இருந்தது. பாட ஆரம்பித்தது. பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.

கைபேசி பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எதிராளிக்கு நானே சாட்சி தயாரித்துக் கொடுப்பேனா? திரும்பி வந்து, யாரிடமும் மூச்சுவிடாமல், வாசலை இரண்டாவது முறையாகக் கூட்டினேன்.

இடத்தை முடிவு செய்ய மேலதிகாரி நேரிலேயே வந்தார். மேடம், நாங்கள் இரண்டு வனவர்கள், இரண்டு நாட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பாறைச் சரிவில் நின்றோம். உச்சி வெயில். அந்த நேரத்துக்கு எந்தக் குருவி வேலைக்கு வரும்? சின்னான் உதட்டைக் குவித்துச் சீட்டி அடித்துப் பார்த்தார். எதிரே நின்ற ஆடு ஒன்றுதான் திரும்பிப் பார்த்தது.

அதிகாரி சின்னானின் கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது என்னய்யா?"

"மஞ்சள் தொண்டைச் சின்னானுங்க ஐயா."

"தொண்டை எங்கே?"

"அந்தப் பக்கமா இருக்குதுங்க ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "வெண்புருவச் சின்னானுக்கும் அடியில மஞ்சள்தானே? இதை வெச்சு நான் என்ன எழுத முடியும்? ஓடையில ஆறுமணிக்குருவி இருக்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. இங்கே இருக்கறதுல எல்லாருக்கும் சந்தேகம்" என்றார்.

டீக்கடையில் நான் விதைத்தது முளைத்து, பூத்து, காய்த்து, அதிகாரியின் வாயில் பழமாக வந்து நின்றது. சின்னானைப் பார்த்தேன். ஆறடி ஆள் சட்டென்று ஐந்தடியாகியிருந்தார். பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடிக்குத் துளை போடப்போகிற இடத்தில் ஏற்கெனவே சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார்கள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே இது வெண்புருவம்னு சொல்லிட்டிருந்தீங்க?"

தம்பி தங்கைகளே, இதுதான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "வெண்புருவத்தைப் பார்த்தேன் மேடம்" என்றால் அது சத்தியம். வாயை அதோடு மூடிக்கொண்டால் என் ஓடை எனக்கு.

வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனதில் இரண்டு குருவிகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. என்னுடையது விருந்தாளி. மழைக்குப் பிறகு வரும், கோடை பிறந்ததும் கிளம்பி வடக்கே போய்க் கூடு கட்டும். இந்த ஓடை இல்லாவிட்டால் வேறோர் ஓடையைத் தேடும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பாறையில் இருந்தது குடித்தனக்காரன். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதே முட்புதரில். கதவைச் சாத்தினால் அதற்கு வேறு தெரு கிடையாது. கவலை குறைந்தது என்றால் அழகு குறைந்தது என்று நினைத்துக் கோபப்பட்டேன். அந்தச் சொல் அழகை அளக்கவில்லை. இன்னும் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பதை அளக்கிறது. இது புரிந்ததும் சந்தோஷம் ஏதும் வரவில்லை. இன்னும் எரிச்சல்தான் வந்தது.

"தொண்டை மஞ்சள்ங்க மேடம். தலையும் மஞ்சள். ஜோடியா இருக்குதுங்க. நான் பார்த்தேன்."

"நீங்களா? எப்போ?"

"இவரைப் பொய்யர்னு நிரூபிக்க வந்தப்போ."

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு கேள்விப்பட்டேனே?"

"ஆகவே ஆகாதுங்க ஐயா."

"அப்ப நம்பலாம்" என்றார். "கூட்டாளி சொல்றதைவிட எதிராளி ஒத்துக்கறதுக்கு எடை அதிகம்."

காட்சிமுனை என் ஓடைக்கு என்று முடிவானது. ஆனால் அந்த இடத்திலேயே நின்று பேரம் பேசினேன். நடைபாதை மேல் கரையோடு நிற்க வேண்டும். பலாமரங்கள் பக்கம் இறங்கக் கூடாது. மாலை ஐந்தரைக்குக் கேட்டைச் சாத்த வேண்டும். ஒலிபெருக்கி கூடாது. விளக்குக் கூடாது. எல்லாவற்றுக்கும் அதிகாரி தலையாட்டினார். சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஊர்க்கவுண்டர் என் தோளில் துண்டு போர்த்தினார். "நீங்க எங்களுக்காகப் பேசீட்டீங்க சாமி!" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று ஊரே நினைத்தது. இருக்கட்டும்.

காட்சிமுனை வந்தது. கடைகள் வந்தன. அன்னாசி விற்றது, மிளகும் விற்றது. புரட்டாசி மழையும் விட்டது. நான் மாலை ஐந்தரைக்குக் கேட் சாத்துவதைப் பார்த்துவிட்டு, வெளியே நின்று காது கொடுப்பேன். ஆறு மணி ஆகும். சில்வண்டு கத்தும். வேறொன்றும் கத்தாது. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. சத்தம் இல்லை, விளக்கு இல்லை, மரம் வெட்டவில்லை. பிறகு என்னதான் கேடு?

ஒரு மாலை கைபேசி அடித்தது. சின்னான்.

"ஏனுங்ணா, உங்க விருந்தாளி வந்துட்டாருங்களா?"

"வரலைய்யா."

"அங்க எப்படி வருவாரு? எங்க ஊட்டுக்குப் பின்னாலயில்ல உக்காந்து புழு தின்னுட்டு இருக்காரு!"

நான் நம்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சின்னான் பின்வாசலில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அந்த அசட்டுப் பலாமரங்களுக்கு அடியில், வருடக்கணக்காகத் துடைப்பம் காணாத சருகுக் குப்பையில், பச்சையும் நீலமும் குங்குமமுமாக என் குருவி தத்திக்கொண்டிருந்தது. ஒரு சருகைப் புரட்டியது. ஒரு புழுவை எடுத்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டும் உனக்கேவாய்யா?" என்றேன்.

"நானா கூப்பிட்டேனுங்க? கூட்டாம உட்டேன், அது வந்துருச்சு. காப்பி குடிக்கிறீங்களா?"

கூட்டாமல் விட்டேன் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் உறைத்தது. மறுநாள் காலை ஓடைக்கு ஓடினேன். சுத்தம் செய்யும் வேலைக்கு ஊரிலிருந்தே ஓர் அக்காவை வைத்திருந்தார்கள். பொறுப்பான மனுஷி. தடுப்புக் கம்பியையும் தாண்டி இறங்கி, பலாமரங்களின் அடிவரைக்கும் ஒரு சருகு மிச்சமில்லாமல் கூட்டி அள்ளி வைத்திருந்தார். தரை என் வீட்டு வாசல் மாதிரிப் பளபளவென்று இருந்தது. சத்தத்துக்குத் தடை கேட்டேன், வெளிச்சத்துக்குத் தடை கேட்டேன். துடைப்பத்துக்குக் கேட்கவில்லை. கூட்டுவது நல்லது என்று நம்புகிறவனுக்கு அது எப்படித் தோன்றும்?

"அக்கா, கம்பிக்கு அந்தப் பக்கம் இனிமே கூட்டாதீங்க" என்றேன்.

"ஏனுங்க, நல்லா இல்லீங்களா?" என்று அவர் முகம் வாடியது.

"ரொம்ப நல்லா இருக்குது. அதுதான் பிரச்சினை."

"கூட்டாதன்னு சொல்ற ஆப்பீசர இன்னிக்குத்தான் பாக்கறேன் சாமி" என்று துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், ஆறுமணிக்கு மூளை கலங்கிவிட்டது என்று.

ஆகவே உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். கவலை குறைந்தது என்று எழுதியிருந்தால், கவலைப்படாதே என்று அர்த்தம் இல்லை. ஓடை ஓடையாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு நாள் அதுவும் கவலைக்கிடம் ஆகிவிடும். பிறகு, பொறாமையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்; என்னாலேயே முடியவில்லை. ஆனால் அது உங்களை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும், போன இடத்தில் கண்ணைத் திறந்து பாருங்கள். பார்த்ததைக் கேட்டால் சொல்லிவிடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் மலையை விட்டு இறங்கவில்லை. பலாமரங்களின் கீழே சருகு மறுபடி சேர்ந்துவிட்டது. போன மார்கழியில் ஒரு மாலை, சாத்திய கேட்டுக்கு வெளியே வழக்கம்போல நின்றேன். ஆறு மணி. உள்ளேயிருந்து இரண்டு சுரமாக ஒரு சீட்டி.

உடனே கைபேசியில் சின்னானைக் கூப்பிட்டேன். "ஏய்யா! வந்துருச்சு! உன் வீட்டை விட்டுட்டு என் ஓடைக்கே வந்துருச்சு!"

"இல்லீங்களேண்ணா, அவரு இங்கதான் கத்தீட்டு இருக்காரு. கேளுங்க" என்று அவர் கைபேசியைப் பின்வாசல் பக்கம் நீட்டினார்.

ஒரு காதில் என்னுடையது. மறு காதில் அவருடையது. அப்படியானால் இரண்டு இருக்கின்றன. இருட்டும்வரை இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாலை வந்ததில்லை.

அவருடையதுதான் கொஞ்சம் சத்தமாகக் கத்துகிறது.